தாண்டவராயர் தந்த மின்விசிறி

வேப்பங்குளம் நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனி அறை கட்ட ஊரே கை கொடுத்தது. ஒருவர் மணல் தந்தார், ஒருவர் ஜன்னல் தந்தார். செங்கல் போதாமல் சுவர் மட்டும் முழங்கால் உயரத்தில் நின்றுபோனது.

நூலகக் கமிட்டித் தலைவர் தாண்டவராயருக்குச் சொந்தமாகச் செங்கல் சூளை இருந்தது. அவரோ ஒரு மின்விசிறி தந்தார். மூன்று இறக்கையிலும் தன் பெயரைச் சிவப்பில் எழுதியிருந்தார். பழைய கூடத்தில் அதை மாட்டி ஓடவிட்டதும் பெயர் தெரியவில்லை. அவர் முகம் சுருங்கியது.

கூட்டிப் பெருக்கும் மரகதத்தைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு கலெக்டர் வர்றார். விசிறியும் ஓடணும், என் பேரும் தெரியணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்லை.”

“ஆகட்டுங்க ஐயா,” என்றாள் மரகதம்.

மறுநாள் நல்ல வெயில். கூட்டம் வேர்த்து வழிந்தது. விசிறி ஓடவில்லை.

“கரண்ட் இல்லையாம்மா?” என்று கேட்டார் கலெக்டர்.

“இருக்குதுங்க. ஓடினா தலைவர் பேரு தெரியாதுங்களே. நீங்க படிச்சு முடிச்சிட்டா போட்டுடறேன்.”

கூடமே சிரித்தது. கலெக்டரும் சிரித்தார்.

தாண்டவராயர் பல்லைக் கடித்தார். “ரெண்டும் வேணும்னுதானே சொன்னேன்?”

“சுத்துற விசிறியில பேரு நிக்காதுங்க ஐயா. சுவர் சுத்தாது. பக்கத்துல அரைச் சுவர் சும்மா நிக்குது, அதுல எழுதிடலாம்.”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“எத்தனை செங்கல் வேணும்?”

“உங்க பேரு எவ்வளவு உயரத்துல தெரியணுமோ, அவ்வளவுங்க.”

மறுநாள் காலையில் இரண்டு லாரி செங்கல் வந்து இறங்கியது.