முந்நூற்று நாற்பதும் மூன்றும்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாகச் செக்கிங் மேசையில் நிற்பவள் வேலாத்தாள். வெளிநாட்டிலிருந்து சரக்கைப் பார்க்க வரும் அம்மாளிடம் இங்கிலீஷில் பேசிச் சமாளித்துவிட்டால் சூப்பர்வைசர் வேலை அவளுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இன்னும் மூன்றே வாரம்.

எட்டாவதோடு நின்ற படிப்பு. பர்வீன் மிஸ்ஸின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். மிஸ்ஸுக்கு அவள் மகள் வயது. 'கிவ் அப்', 'லுக் ஆஃப்டர்' என்று ஜோடி ஜோடியாக வரும் வார்த்தைகளில் முந்நூற்று நாற்பதை எழுதி மனப்பாடம் செய்தாள். அழுக்காகிவிடுமே என்று நோட்டுக்குப் பாலிதீன் கவர் போட்டாள். எப்போது கேட்டாலும் ஒப்பிப்பாள். பேசத்தான் வாய் வரவில்லை.

"இன்னும் எத்தனை படிச்சாப் பேச்சு வருமுங்க மிஸ்?"

மிஸ் நோட்டைப் புரட்டினாள். "உங்க கம்பெனியில கவர் போட்டு அடுக்குறீங்களே, அதுல ஒன்னையாவது யாராச்சும் போட்டுப் பார்த்திருக்காங்களாக்கா?"

"அதெப்படிங்க? புதுப் பீஸாச்சே."

மிஸ் நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஒரு துண்டுத் தாளில் மூன்றை மட்டும் எழுதிக் கொடுத்தாள். டேக் அவுட், டர்ன் ஓவர், புட் ஆன். வெளியே எடு, திருப்பு, மாட்டு.

"பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லுங்க. தாள் கிழியட்டும்."

வேலாத்தாள் தாளை மடித்துப் பர்ஸில் வைத்தாள். மூன்றை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேச? ஆனாலும் சொன்னாள். பக்கத்து மேசை ராக்காத்தாள் அவளைத் துரைசாணி என்றே கூப்பிட ஆரம்பித்தாள். சட்டையை நீட்டி 'புட் ஆன்' என்றதற்கு, காய்ச்சலா என்று புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த வெளிநாட்டு அம்மாள் வந்தாள். கவரோடு ஒரு குழந்தைக் கவுனை எடுத்தாள். கழுத்து சின்னது, தலை நுழையாது என்று தலையை ஆட்டிவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ஆறாயிரம் பீஸும் வேண்டாமென்று ஆகிவிடும். இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் கீழே லாரிப் பக்கம் போயிருந்தார்.

"ஹோல்ட் ஆன், மேடம்."

கொஞ்சம் பொறுங்க என்று வேலாத்தாள் சொன்னதில் பேனா நின்றது.

"டேக் அவுட். டர்ன் ஓவர்."

அந்த அம்மாள் வெளியே எடுத்துத் திருப்ப, முதுகுப் பக்கம், கழுத்தருகே ஒரு பட்டன் இருந்தது. வேலாத்தாள் அதைக் கழற்றி, ஓரத்தில் நின்ற குழந்தைப் பொம்மையைக் காட்டினாள்.

"புட் ஆன்."

கவுன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த அம்மாள் சிரித்து, வேலாத்தாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ராக்காத்தாள்தான் முதலில் கை தட்டினாள். தளம் முழுக்கத் தட்டியது.

சாயங்காலம் வேலாத்தாள் வகுப்புக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"சூப்பர்வைசர் ஆயிட்டேனுங்க மிஸ். நோட்டைக் குடுங்க, மிச்சம் முந்நூத்தி முப்பத்தேழையும் ஒரு கை பார்த்துடறேன்."

என்ன பேசினாள் என்று மிஸ் வரிசையாகக் கேட்டாள். வேலாத்தாள் சொல்லச் சொல்ல மிஸ் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். நாலு விரல் மடங்கியது.

வேலாத்தாள் பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். 'ஹோல்ட் ஆன்' அதில் இல்லை.

மிஸ் பீரோச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் குடுத்தது மூணுதானேக்கா. நாலாவதை யார் குடுத்தா?"