பாறைப் பக்கம்

ரெஜினாவை அதற்கு முன் யாரும் குரு என்று அழைத்ததில்லை. தில்லைநாயகம்தான் அழைத்தார். அதுவும் கேலியாக.

குடகில், மழைக்காலத்தில் மட்டும் நுரைத்துக்கொண்டு ஓடும் ஆறு அது. ரெஜினா அதில் ரப்பர் படகு செலுத்துபவர். காப்பித் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். இருபத்தேழு வயது.

"ஆத்துல நான் சொல்றதுதான். கேள்வி இருந்தா கரையிலேயே கேட்டுக்குங்க" என்றார்.

"உத்தரவு, குருவே" என்று தில்லைநாயகம் கையைக் கட்டிக்கொண்டார். திண்டுக்கல்லில் தலைமையாசிரியர் அவர். மற்றவர்கள் கையைக் கட்டி நிற்பதைப் பார்த்துத்தான் பழக்கம்.

இந்தச் சுற்றுலாவை ஏற்பாடு செய்தது அவருடைய மகள். அவளும் கணவனும் முந்திய படகில் கிளம்பிவிட்டார்கள். இந்தப் படகில் தில்லைநாயகமும் மனைவி கோமதியும் கோமதியின் தம்பி வைரவனும். மகள் வேண்டுமென்றேதான் அப்படிப் பிரித்திருந்தாள்.

அத்தானும் மச்சினனும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. மகளின் கல்யாணத்தில், தாய்மாமன் மாலை போடுவதற்குள் தில்லைநாயகம் அவசரப்பட்டு மாப்பிள்ளை வீட்டாரை மேடையில் ஏற்றிவிட்டார். வைரவன் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டான். கூப்பிடாதது அவர் தப்பு என்றான் இவன். சாப்பிடாமல் போனது இவன் தப்பு என்றார் அவர்.

அடுத்த வாரம் வைரவன் வங்கி வேலையில் மாற்றலாகிக் கவுகாத்திக்குப் போகிறான். அதற்குள் இருவரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று கோமதிக்குக் கவலை. தில்லைநாயகத்துக்கும் அதே கவலைதான். ஆனால் அந்த முதல் வார்த்தை அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

"குருவே, பாறை வந்தா சட்டுனு எதிர்ப்பக்கமா சாஞ்சுக்கணும். அதானே?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"இல்லீங்க ஐயா. பாறை மேல போய் விழணும்."

"விழணுமா?"

"கட்டிப் பிடிச்சுக்கணும்."

கோமதி சிரித்தாள். தில்லைநாயகம் சிரிக்கவில்லை. "அது எப்படி?"

குரு செய்து காட்டினார். காலைப் பலகாரம் சாப்பிட்ட பாக்குமட்டைத் தட்டு ஒன்றை எடுத்து, கரையோரத் தண்ணீரில் ஒரு கல்லின் மேல் மோதவிட்டார். தண்ணீர் வந்த பக்கத்து விளிம்பு அமிழ்ந்தது. தட்டு கவிழ்ந்தது. அதையே எடுத்து, கல்லை ஒட்டிய விளிம்பில் ஒரு கூழாங்கல்லை வைத்து மறுபடி விட்டார். தட்டு கல்லை உரசித் திரும்பி, தன் வழியில் போயிற்று.

"புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது" என்றார் தலைமையாசிரியர்.

முன்வரிசையில் இடப்பக்கம் தில்லைநாயகம், வலப்பக்கம் வைரவன். தில்லைநாயகத்துக்குப் பின்னால் கோமதி. கடைசியில் குரு.

"முன்னால இருக்கிற ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, ஒண்ணா துடுப்பு போடுங்க."

இருவரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

"கோமதி, உன் தம்பியைக் கொஞ்சம் மெதுவாப் போடச் சொல்லு."

"அக்கா, அவரைக் கொஞ்சம் வேகமாப் போடச் சொல்லு."

"நான் என்ன தபால்காரியா?" என்றாள் கோமதி.

படகு நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றியது.

"ஐயா, ஆறு அந்தப் பக்கமா போகுது" என்றார் குரு.

முதல் இறக்கத்தில் எல்லோரும் நனைந்தார்கள். இரண்டாவது இறக்கத்தில் கோமதி குழந்தைபோல் கூவினாள். மூன்றாவதில் இடப்பக்கத் துடுப்பும் வலப்பக்கத் துடுப்பும் ஆளுக்கொரு கணக்கில் விழ, படகு குறுக்காகத் திரும்பியது. வைரவன் இருந்த பக்கம் ஒரு பெரிய பாறையில் போய் அப்பிக்கொண்டது.

"பாறைப் பக்கம்! எல்லாரும் பாறைப் பக்கம்!"

கோமதி யோசிக்கவே இல்லை. மகளின் டிராக் பேண்ட் தந்த தைரியத்தில் ஒரே தாவலாகத் தாவித் தம்பியின் முதுகில் விழுந்தாள். குருவும் தாவினார்.

தில்லைநாயகம் மட்டும் இடப்பக்கக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். வைரவன் பக்கம் பாறைமேல் உயர்ந்தது. அவர் பக்கம் அமிழ்ந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது.

"அக்கா, அவரை வரச் சொல்லு!"

"கோமதி, அவனை நகரச் சொல்லு, எடமே இல்ல!"

"யார்கிட்ட வேணாலும் சொல்லிக்குங்க ஐயா! தாவிட்டுச் சொல்லுங்க!" என்று குரு கத்தினார்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு தாவினார்.

ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் தேங்காய் உடைப்பதுபோல் மோதின. நெஞ்சோடு நெஞ்சாக வைரவன்மேல் கிடந்தார். வைரவன் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டான். படகு முனகியது, உரசியது, திரும்பியது. சட்டென்று விடுபட்டு ஓடியது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"டேய் மாப்ளே, முட்டியை எடுடா. வயித்துல குத்துது."

பழக்க தோஷம், கோமதி சொன்னாள்: "தம்பி, முட்டியை எடுக்கச் சொல்றாருடா."

"கேட்டுச்சுக்கா" என்றான் வைரவன். "கொஞ்சம் பொறுங்க அத்தான், முதல்ல நீங்க என் கால் மேலேருந்து எந்திரிங்க."

மீதி தூரம் முழுக்க மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்தன.

கரையில் காப்பி கொடுத்தார்கள். வைரவன் தன் டம்ளரோடு அத்தானுடையதையும் வாங்கிவரப் போனான். தில்லைநாயகம் துண்டைப் போர்த்திக்கொண்டு, படகைக் கழுவிக்கொண்டிருந்த குருவிடம் வந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

இந்த முறை கேலி இல்லை.

"சொல்லுங்க ஐயா."

"பாதி தூரம் அவன் இறங்கி வந்திருக்கலாமில்லையா? முழுத் தூரமும் நான்தான் போகணுமா?"

"அவர் இறங்கி வந்திருந்தா, உங்க மூணு பேரையும் தண்ணியிலதான் பொறுக்கியிருப்பேன்."

தில்லைநாயகம் வைரவன் போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்போ தப்பு என் பேர்லங்கிறீங்களா?"

குரு படகைச் சாய்த்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரை வழியவிட்டார்.

"தப்பு யார் பேர்லன்னு எனக்கெப்படிங்க தெரியும்? தண்ணி ஏறினது உங்க பக்கம்."