மன்மத வைத்தியர் சொன்ன கட்டியம்

செண்டலங்காரபுரத்துக் கட்டியக்காரன் வேலாண்டி ஒரு நாள் காலை சபையில் வாயைத் திறந்தான். "ராஜாதி ராஜ" என்று வர வேண்டியது "வாவாவி வாவ" என்று வந்தது. சபையே சிரித்தது. மன்னர் பூபதிராயர் மட்டும் சிரிக்கவில்லை. விருதுப் பெயர்கள் எல்லாம் அவருடையவை ஆயிற்றே!

நடந்தது இதுதான். பெண் பார்க்கப் போகிற ஆசையில் வேலாண்டி, ஊருக்குப் புதிதாக வந்த மன்மத வைத்தியரிடம் போனான். அந்தப் பட்டத்தை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தார். உதட்டைக் கோவைப்பழம் ஆக்குகிறேன் என்று ஊசியால் குத்தி, தோலில் பட்டாலே கொப்புளம் போடும் சேராங்கொட்டை எண்ணெயை ஏற்றினார். உதடு கத்தரிக்காய் ஆயிற்று.

இதை விசாரிக்கும்படி மன்னர் ஊர் வைத்தியர்களின் சபைக்குச் சொன்னார். நம்ம ஆளை நாமே விட்டுக்கொடுப்பதா என்று அந்த வைத்தியர்கள் கூடிப் பேசினார்கள். மருந்தில் குறையில்லை, உதட்டில்தான் குறை என்று தீர்ப்புச் சொன்னார்கள். மன்னருக்கு ஏக மகிழ்ச்சி. தம் மூக்கைக் கூராக்கிக்கொள்ள அவருக்கு வெகுநாள் ஆசை. நாளைக்கே மன்மத வைத்தியர் வரட்டும், வேலாண்டி வேறு வேலை பார்க்கட்டும் என்றார்.

வேலாண்டி விகடகவி கூத்தபிரானிடம் ஓடினான். அவன் சொன்னது ஒன்றும் கூத்தபிரானுக்குப் புரியவில்லை. அழுகை மட்டும் நன்றாகப் புரிந்தது.

மறுநாள் மன்மத வைத்தியர் ஊசியும் கையுமாக வந்து நின்றார். கூத்தபிரான் எழுந்தார்.

"அரசே, உங்கள் சாப்பாட்டை முதலில் யார் சாப்பிடுகிறார்கள்?"

"மடைப்பள்ளி மேலாளர். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்தான் முதல் கவளம் சாப்பிட வேண்டும். அதுதானே நம் வழக்கம்?"

"மருந்துக்கும் அதே வழக்கம் இருக்கட்டும். நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் இதோ உட்கார்ந்திருக்கிறார்கள். வைத்தியரே, தலைவரின் உதட்டிலிருந்து ஆரம்பியுங்கள்."

வைத்தியர் சபைத் தலைவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தரம் விசாரித்தால் தேவலை என்று விரல் இடுக்கு வழியாகச் சொன்னார். விசாரணை நின்ற இடத்திலேயே முடிந்தது. அந்த எண்ணெயை உதட்டில் ஏற்றுவது மகா தப்பு, இந்த ஆள் இனி ஊசியையே தொடக் கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மன்னர் தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அது இருந்தது.

"இவனுக்கு வேறென்ன தண்டனை, கூத்தபிரான்?"

"வேலாண்டிக்கு வீக்கம் வடியும் வரை இவரே கட்டியம் சொல்லட்டும். கடைசியில் ஒரு வரி மட்டும் நான் எழுதித் தருகிறேன்."

அன்று முதல் தினமும் காலையில் மன்மத வைத்தியர் சபை நடுவில் நின்று முழங்கினார்.

"ராஜாதி ராஜ ராஜமார்த்தாண்ட பூபதிராயர் வருகிறார், பராக்! கட்டியக்காரன் வேலாண்டி வரவில்லை. காரணம் நான், பராக்!"

முதல் நாள் கேட்டதும் மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். பிறகு மெதுவாக அவர் காதருகே குனிந்தார்.

"அப்போ என் மூக்கு?"

"அப்படியே இருக்கட்டும், அரசே. நாட்டிலுள்ள காசில் எல்லாம் அதைத்தானே அச்சடித்திருக்கிறோம்."