தங்கராசு அமைதி பழகிய கதை

பள்ளிபாளையத்தில் ஒரு மாடி அறையில் சங்கவி டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தார். அவரிடம் வந்த பிள்ளைகளுக்கு நடுவே ஒரு சீடர் மட்டும் நரைத்த மீசையோடு சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். பெயர் தங்கராசு. விசைத்தறிக்காரர். வயது டீச்சருடையதைப் போல இரண்டு மடங்கு. இருந்தாலும் டீச்சர் உள்ளே வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து எழுந்து நிற்பார்.

ஒருநாள் பாடம் முடிந்தும் அவர் போகவில்லை.

"என்னங்ண்ணா?" என்றார் டீச்சர்.

"கமிட்டில சொல்லிட்டாங்க டீச்சர். இந்த வருஷம் பண்டிகைக்கு ஆள் யாரும் பாட வேண்டாமாமுங்க. எல்லாமே பென்டிரைவ்தானாம்."

மாரியம்மன் பண்டிகையில் கோயில் வாசலில் நட்ட கம்பத்துக்கு முன்னால் நின்று, தானே கட்டிய அம்மன் பாட்டைத் தங்கராசு வருஷா வருஷம் பாடுவார். அந்த ஒரு பாட்டை ஒழுங்காகப் பாட வேண்டும் என்பதற்காகத்தான் வருஷம் முழுக்க டீச்சரிடம் திட்டு வாங்கினார்.

"உங்க பாட்டு என்னாகும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவு பண்ணிக் கொண்டாந்தா போடறேங்கறாங்க. இல்லீனா வெளியூர்ப் பாட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்களாம். அதுல அம்மனுக்கு ஊர் பேரே வேறைங்க."

"அப்பப் பதிவு பண்ணிருங்க."

"ஸ்டுடியோவுல சத்தமே இருக்கக் கூடாதாமுங்க. நானு பொறந்ததுலருந்து தறிச் சத்தத்துலயே கெடக்கறவன். அமைதியை எங்க போய்ப் பழகறதுங்க, டீச்சர்?"

டீச்சர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். தெரு முழுக்க ஓடிய தறிகளின் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. மறுபடியும் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"மொதல்ல ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணுங்க," என்றார்.

ஈரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜெரால்டு போனை எடுத்தார். தங்கராசு ஸ்பீக்கரில் போட்டார்.

"வியாழக்கிழமை பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும் காலி. பன்னெண்டுக்கு நகைக்கடை விளம்பரம் இருக்கு. ட்ராக் வெச்சிருக்கீங்களா?"

தங்கராசு டீச்சரைப் பார்த்தார்.

"பின்னணி இசையைக் கேக்கறார்," என்றார் டீச்சர்.

"அதெல்லாம் இல்லீங்க. குரல் மட்டும்தான் இருக்குதுங்க."

"சரி, குரலை எடுத்துக்கலாம். உடுக்கையை நான் அப்புறம் சேத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு. வீட்டுலயே நல்லாப் பழகிட்டு வந்துருங்க. இங்க வந்து பழகுனா நேரம் போயிரும்."

'பழகிட்டு வந்துருங்க' என்ற அந்த வார்த்தை தங்கராசுவைப் பிடித்துக்கொண்டது.

அன்றோடு வீட்டில் மோர் நின்றது. பங்குனி வெயிலில் கழுத்தில் மப்ளர் ஏறியது. குரல் தேய்ந்துவிடக் கூடாதென்று வீட்டில் பேச்சையும் நிறுத்தினார். மனைவி மரகதத்திடம் சைகையில் தண்ணீர் கேட்டார். உப்பு வந்தது. அதையும் சைகையிலேயே திருப்பி அனுப்பினார்.

அமைதி தேடி ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே தண்ணீர் லாரிக்கு மோட்டார் ஓடியது. சுடுகாட்டுக்குப் போனார். அங்கும் தறிச் சத்தம் கேட்டது. போதாததற்குக் காவலாளி வந்து, "யாரு வீட்டுக்காரங்க? எப்பக் கொண்டு வர்றாங்க?" என்று கேட்டார்.

கடைசியில் கடைவீதியில் ஓர் ஏடிஎம் அறையைக் கண்டுபிடித்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, தனிமை. மெஷினைப் பார்த்து நின்று மெதுவாகப் பாடிப் பழகினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வெளியே வரிசையில் நின்றவர் கதவைத் திறந்து தோளைத் தொட்டார்.

"பணம் வரலீன்னா பேங்க்குல போய்ச் சொல்லுங்க. அதுகிட்ட அழுது என்ன ஆகப்போகுது?"

நடந்ததைத் தங்கராசு டீச்சரிடம் சொன்னார்.

"அமைதி எப்படிங்ண்ணா இருந்துச்சு?" என்றார் டீச்சர்.

"குளுகுளுன்னு இருந்துச்சுங்க."

வியாழக்கிழமை டீச்சரும் கூடப் போனார். பதிவு அறையின் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் தங்கராசுவுக்குக் காதில் தண்ணீர் புகுந்தது போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சரும் ஜெரால்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாடுங்க," என்று ஹெட்போனில் ஜெரால்டின் குரல் வந்தது.

தங்கராசு பாடினார். ரகசியம் சொல்வது போல இருந்தது.

"கொஞ்சம் சத்தமாப் பாடுங்க."

"பாடறனுங்களே."

"இன்னும் சத்தமா. ஏன் இப்படிப் பயப்படறீங்க?"

"பக்கத்துல யாரோ தூங்கற மாதிரியே இருக்குதுங்க," என்று தங்கராசு கிசுகிசுத்தார்.

ஜெரால்டு மைக்கின் ஒலியைக் கூட்டினார். பாட்டு கேட்கவில்லை. தங்கராசு எச்சில் விழுங்குவது தெளிவாகக் கேட்டது.

அடுத்த முறை தங்கராசு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார். கூடவே வேகமும் கூடிவிட்டது. முதல் சரணத்தில் தேர் ஏறிய அம்மன், இரண்டாவது சரணத்தில் பஸ் பிடிக்கிறவள் போல ஓடினாள்.

"தாளம் போடறேன். அதைக் கேட்டுப் பாடுங்க," என்று ஜெரால்டு ஹெட்போனில் டிக் டிக்கென்று ஒரு சத்தத்தை ஓடவிட்டார்.

தங்கராசு பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"யாரோ கதவைத் தட்டறாங்க பாருங்க."

இப்படியே பதினொன்றரை ஆகிவிட்டது. நகைக்கடை விளம்பரம் பேச வந்த பெண் வெளியே சோபாவில் உட்கார்ந்து, "இந்த அட்சய திருதியைக்கு" என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராசு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எனக்கு அமைதி வரலீங்க, டீச்சர். இன்னும் கொஞ்ச நாள் ஏடிஎம்முக்குப் போயிருக்கோணும். நீங்களே பாடிருங்க. என்ற குரல் போகாட்டிப் போகுது. பாட்டாச்சும் அம்மன்கிட்டப் போய்ச் சேரட்டும்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. ஜெரால்டு கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

"உங்க போனைக் குடுங்கண்ணா," என்றார் டீச்சர்.

மரகதத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சங்கவி பேசறேன். என்ன, தறிச் சத்தத்தையே காணோம்?"

"ஓட்டுவனுங்களா டீச்சர்? அவரு அங்க பாடறாருல்ல. காலைலயே நிறுத்திப்போட்டேன்."

"பக்கத்து வீட்டுத் தறி?"

"எல்லாந்தானுங்க. தெரு பூராச் சொல்லி வெச்சுட்டேன். மத்தியானம் வரைக்கும் ஒரு சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

ஜெரால்டு போன் பக்கம் குனிந்தார். "அக்கா, நாங்க ஈரோட்டுல இருக்கோம். ஆத்துக்கு இந்தப் பக்கம்."

"இருக்கட்டுங்க சார். நடுவுல ஒரு பாலந்தான?"

"அக்கா, தறியை ஓட்டுங்க," என்றார் டீச்சர்.

"ஐயோ, அங்க கேட்டுருமுங்க."

"கேக்கட்டும். போனைத் தறிகிட்டயே வெச்சிருங்க. எல்லாரையும் ஓட்டச் சொல்லுங்க."

பிறகு ஜெரால்டிடம் கேட்டார். "இந்தச் சத்தம் அவர் காதுக்கு மட்டும் போற மாதிரி வைக்க முடியுமா? பதிவாகக் கூடாது."

ஜெரால்டு ஒரு வயரை எடுத்துப் போனில் செருகினார்.

தங்கராசு உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் ஒரு தறி ஓடியது. சடக், சடக். தன் தறி என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டுத் தறி சேர்ந்தது. பிறகு எதிர் வீடு. கொஞ்ச நேரத்தில் தெருவே ஓடியது. தங்கராசுவின் தோள் இறங்கியது. யாரும் சொல்லாமலே மப்ளரைக் கழற்றினார். வலது குதிகால் தரையைத் தட்டத் தொடங்கியது.

பாடினார். ஓடுகிற தறிகளுக்கு மேலே கேட்கும்படி மரகதத்தை எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படி அம்மனைக் கூப்பிட்டார். அம்மன் இந்த முறை எங்கும் ஓடவில்லை. தேர் போகிற வேகத்தில் போனாள். சோபாவில் இருந்த பெண் எழுந்து வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார்.

பாட்டு முடிந்தது. ஜெரால்டு வயரை உருவிப் போனைத் தங்கராசுவிடம் கொடுத்தார்.

"ஏனுங்க, தறியை நிறுத்தீரட்டுங்களா?" என்று மரகதம் கத்திக்கொண்டிருந்தார்.

இத்தனை நாட்களுக்குப் பிறகு தங்கராசு மனைவியிடம் பேசினார்.

"ஓடட்டும். ஒரு சொம்பு மோர் மட்டும் எடுத்து வெய்யி."

ஜெரால்டு பாட்டைப் போட்டுக் காட்டினார். சின்னத் தறிச் சத்தம்கூட அதில் இல்லை. தங்கராசுவின் குரல் மட்டும் இருந்தது. தங்கராசு ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டீச்சரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நகைக்கடைப் பெண் உள்ளே போக வழி கேட்டார்.

உடுக்கையும் சேர்ந்து பாட்டு வெள்ளிக்கிழமை கமிட்டிக்குப் போனது.

பண்டிகையன்று ஊரில் ஒரு தறியும் ஓடவில்லை. கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. குழாய் ஒலிபெருக்கிகளில் தங்கராசுவின் பாட்டு தெரு முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் நின்ற தங்கராசுவுக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. டீச்சரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் போய் நின்றார்.

"டீச்சர், அமைதி வேணும்னு சுடுகாடு வரைக்கும் போய்ட்டு வந்தேன். இப்பத் தறியெல்லாம் அமைதியாத்தான் இருக்குது. எனக்கு என்னவோ துணையில்லாம நிக்கற மாதிரி இருக்குதுங்க. அன்னிக்கு அத்தன தறி ஓடுச்சே. ஒண்ணுகூடப் பாட்டுல இல்லீங்களே. அதெல்லாம் எங்கதானுங்க போச்சு?"

கூட்டத்தின் முன்வரிசையில் மரகதம் மாவிளக்குத் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அம்மனைப் பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அதேபோல் தட்டோடு நின்றிருந்தார்கள்.

"அக்காவோட காலைப் பாருங்கண்ணா," என்றார் டீச்சர்.

தங்கராசு பார்த்தார். பிறகு அந்த வரிசையில் இருந்த மற்ற கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாக் குதிகால்களும் தறி ஓடும் அதே சீரில் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

பாட்டு முடியும்வரை அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.