பன்னிரண்டு துண்டு நாற்காலி

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ரொம்ப ரொம்ப முன்னால் வேழநாடு என்றொரு நாடு இருந்தது. அதைக் கோதண்டவர்மன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. காலையில் தோளில் கை போட்டுப் பேசுவான், மத்தியானம் அதே தோளைச் சீவச் சொல்லுவான்.

அவனுக்கு வீட்டுச் சாமான்கள் மேல் ஒரு பைத்தியம். சாமான் என்றால் ஏதாவது விளையாட்டுக் காட்ட வேண்டும். உட்கார்ந்தால் தவளையாகக் கத்தும் முக்காலி, திறந்தால் நாக்கை நீட்டும் பெட்டி, எண்ணெய் தீர்ந்தால் தலையைத் தொங்கப்போடும் கொக்கு விளக்கு. எல்லாம் கொம்பையா ஆசாரி செய்து கொடுத்தவை.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். ராசா ஒரு வருடமாக உட்கார்ந்த அதே தவளை முக்காலியில் போய் உட்கார்ந்தான். முக்காலி கத்தியது, அப்புறம் கால் ஒடிந்தது. ராசா தரையில் கிடந்தான். தூதர் சிரித்துவிட்டார்.

வந்தது வினை. "இந்த ஒரு தடவை பிழைத்துப் போ" என்று கொம்பையாவை விட்டவன், அன்றைக்கே ஊரெங்கும் பறையறைவித்தான். இனி எந்த இருக்கை ஆளைக் கீழே தள்ளினாலும், அதைப் பொருத்திப் பூட்டிய கை வெட்டப்படும். யாருக்கும் விலக்கில்லை. சபை நடுவில் வெட்டுமரமும் கோடாலியும் வந்து உட்கார்ந்தன. ஊரிலிருந்த தச்சர்களெல்லாம் மூட்டை கட்டி ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். கொம்பையாவால் மட்டும் போக முடியவில்லை. அவன் பெண்சாதி உலகம்மைக்கு நிறைமாதம்.

அரண்மனைப் பண்டசாலைக்குத் தலைவர் அம்பலத்தரையர். ஓர் ஆசாரியின் தோளில் ராசா கை போடுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மன்னா, ஆணி இல்லாமல், கயிறு இல்லாமல், ஒரு கூடைக்குள் அடங்கும் நாற்காலி ஒன்று கேளுங்கள். எடுத்துப் பூட்டினால் என் பாரத்தைத் தாங்க வேண்டும்."

அரையர் பாரம் சாமானியமல்ல. புது இருக்கை எது வந்தாலும் அவர் உட்கார்ந்து காட்டிய பிறகே ராசா உட்காருவது என்பது அங்கே வழக்கம்.

ராசாவுக்குக் கண் மின்னியது. "எட்டு நாள், கொம்பையா" என்றான்.

கொம்பையா பன்னிரண்டு துண்டு இழைத்தான். பொருத்துகளெல்லாம் கச்சிதம். இருந்தும் உளி பிடித்த கை உதறியது.

"நீங்க எவ்வளவு நல்லாச் செஞ்சாலும் அந்த மனுசன் குதிச்சாவது உடைப்பாரு" என்றாள் உலகம்மை. "சட்டம் என்னங்க சொல்லுது?"

"பூட்டின கைய வெட்டணும்னு சொல்லுது."

"அப்ப நீங்க பூட்டாதீங்க."

"வேற எவன் வந்து பூட்டுவான்?"

"விளையாட்டுச் சாமானுக்கு ஆசைப்படுற ஆளு அரண்மனையிலதான இருக்காரு."

"அடிப்பாவி, அதுக்குக் கை போகாது. தலை போகும்" என்றான். வேறு வழியும் தெரியவில்லை.

எட்டாம் நாள் காலை கூடையோடு ராசாவின் அறைக்குப் போய்த் தரையில் கொட்டினான். "மகாராசா, இதுல விளையாட்டே பூட்டுறதுதான். அதை நான் அனுபவிச்சா நல்லா இருக்குமா?"

ராசா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். துண்டுக்குத் துண்டு சிரிப்பு. கடைசியாக எல்லாவற்றையும் இறுக்கும் ஒரு மரமுளை. அதைத் தலைகீழாகச் செருகினான்.

"மகாராசா, அந்த முளை..."

"சும்மா இரு. எனக்குத் தெரியும்."

இரண்டாம் தடவை சொல்லக் கொம்பையாவுக்குத் தைரியம் வரவில்லை.

நாற்காலி சபைக்கு வந்தது. அரையர் வேட்டியை இறுக்கிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார். போதாதென்று இரண்டு தடவை குதித்தார். முளை தெறித்தது. அரையர் மல்லாந்து கிடந்தார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் கோடாலி மேல் இருந்தது.

அரையர் வலியிலும் முகம் மலர எழுந்தார். "பூட்டிய கையை இப்போதே வெட்ட வேண்டும், மன்னா."

ராசாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "யார் கையாக இருந்தாலுமா?"

"யார் கையாக இருந்தாலும். இரக்கம் காட்டினால் நாடு கெடும்."

கொம்பையா முன்னால் வந்தான். "சாமி, மரத்தை அறுத்தது இந்தக் கை. பூட்டினது வேற கை. யாருதுன்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

"எந்தப் பயல் கை அது? இழுத்து வாருங்கள்" என்றார் அரையர்.

ராசா சிங்காசனத்தைவிட்டு இறங்கினான். கைக்காப்பைக் கழற்றினான். வெட்டுமரத்தின் மேல் தன் வலக்கையை வைத்தான்.

"வெட்டும், அரையரே."

அரையருக்கு வேட்டி நனையாத குறை. "மன்னர் கைக்கு... அதற்கு விலக்கு உண்டே" என்று உளறினார்.

ராசா அவரைப் பார்க்கவே இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொம்பையா, எட்டு நாளும் உன் கை இப்படித்தான் இருந்ததா?"

"ஆமா மகாராசா. சோறு பிசையக்கூட முடியல."

ராசாவுக்குத் தலை நிமிரவில்லை. "கோடாலியை எடுத்துப் போங்கள். சட்டம் இன்றோடு செத்தது" என்றான். பண்டசாலைச் சாவி கொம்பையாவின் இடுப்புக்கு மாறியது.

அரையருக்கும் ஒரு தண்டனை உண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. அவர் தன் கையாலேயே ஒரு முக்காலி செய்ய வேண்டும், இனி அதில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஒரு மாதம் தட்டுத் தடுமாறிச் செய்து முடித்தார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அதன் காலை ஆட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் மனுசன் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.