ஓட்டை இல்லாத வீடு

ஒரு காட்டில் ஒரு தாய்க்குருவிக்குப் பெரிய அநியாயம் நடந்தது. அதன் முட்டைகள் எல்லாம் வெயிலில் வெந்து போயின. பழியோ, முட்டையிட்டவள் மேலேயே விழுந்தது. நடந்ததைக் கேளுங்கள், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

அது தூக்கணாங்குருவி. அதன் கணவன் ஈச்ச மரத்தில் புல்லால் கூடு பின்னியிருந்தது. புல்லுக்கும் புல்லுக்கும் நடுவே காற்று வந்து போகும்.

ஒருநாள் மைனா எட்டிப் பார்த்துச் சிரித்தது. "என்ன மாப்பிள்ளை, வீடு முழுக்க ஓட்டை! இதில் பெண்டாட்டியைக் குடிவைக்க வெட்கமாக இல்லை?"

'ஓட்டை வீட்டுக்காரன்' என்ற பெயர் காடு முழுக்கப் பரவியது. ஆண்குருவிக்கு அவமானம் தாங்கவில்லை. சாலை போட்டவர்கள் எறிந்துவிட்டுப் போன தகர டப்பா ஒன்று மொட்டைப் பாறைமேல் கிடந்தது. வாய் குறுகிய டப்பா. மனைவியோடு அதில் குடியேறி, துருப்பிடித்த துளைகளைக்கூடக் களிமண்ணால் அடைத்தது.

"ஒரு துளையையாவது விடுங்களேன், மூச்சு முட்டுகிறது" என்றது தாய்க்குருவி.

"மறுபடியும் ஓட்டையா? வாயை மூடு!"

முட்டையிட்ட கையோடு கோடையும் வந்தது. தகரம் கொதித்தது. தாய்க்குருவி வாசலில் நின்று சிறகால் விசிறி விசிறிப் பார்த்தது. முட்டைகள் பொரியவே இல்லை.

பறவைகள் பாறையருகே கூடின. நாவல் மரப் பொந்தில் குளிர்ச்சியாகக் குடியிருக்கும் மைனாதான் முதலில் பேசியது. "இவள் எங்கே ஒழுங்காக அடைகாத்தாள்? எப்போது பார்த்தாலும் வாசலில் நின்று வேடிக்கை! முட்டைக்குச் சூடு எப்படிக் கிடைக்கும்?"

கணவனும் தலையாட்டியது. தலையாட்டியதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை!

தாய்க்குருவி அழவில்லை. "உள்ளே சூடு போதாது என்கிறீர்கள். சரி அண்ணா, நீங்களே கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்" என்றது.

அப்போது உச்சிவெயில். மைனா மிடுக்காக உள்ளே நுழைந்தது. தாய்க்குருவி வாசலை மறைத்து நின்றுகொண்டது.

"ஐயோ, சுடுகிறது! வழி விடு!" மைனா தகரத்தில் முட்டியது, களிமண்ணைக் கொத்தியது. "காற்று! இந்த வீட்டில் ஓர் ஓட்டைகூடவா இல்லை?"

தாய்க்குருவி விலகிக்கொண்டது. மைனா வெளியே வந்து விழுந்து மூச்சிரைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீங்கள் கத்தினீர்கள் அண்ணா, வழி விட்டேன்" என்றது தாய்க்குருவி. "என் முட்டைகளுக்குக் கத்தத் தெரியவில்லையே."

நீதி: வீட்டுக்குள் இருப்பவள் 'சுடுகிறது' என்றால் முதலில் அதைக் கேள், வெளியே நின்று சிரிப்பவன் பேச்சைப் பிறகு கேட்கலாம்.