தொட்டிக்கு எந்தத் தண்ணீர்

தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்ததும் பேச்சித்தாய் நேராகச் சபைக்குப் போனாள். போதகர் எலியேசர் ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"முழுக்கு எடுக்கிறவங்க பட்டியல்ல என் பேரை அடிச்சிருங்கய்யா."

"ஏன்க்கா?"

"சங்கரபாண்டி பேரும் அதுல இருக்கு. அந்த ஆளு இறங்குற தண்ணியில நான் இறங்க மாட்டேன்."

சங்கரபாண்டி முன்பு பஞ்சாயத்துத் தலைவர். பேச்சித்தாயின் புருஷன் தேர்தலில் அவருக்கு எதிராக ஓட்டுக் கேட்டான். அவர் ஜெயித்த மறுமாதமே இவள் வீட்டுக் குழாயை வெட்டி, முனையில் மரக்கட்டையை அடித்துவிட்டுப் போனார்கள். கேட்டால், ரோடு போட்டபோது லைன் உடைந்துவிட்டதாம். தெரு முழுக்கத் தண்ணீர் வருகிறது, இவள் வீட்டு லைன் மட்டும் உடைந்துவிட்டதாம்! புருஷன் செத்தான். சங்கரபாண்டி பதவியை விட்டு இறங்கி, அவர் மச்சினன் தலைவரானான். கட்டை மட்டும் அசையவில்லை. ஏழு வருஷமாக அவள் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்த அடிபம்புக்குக் குடத்தோடு நடந்தாள்.

போன மாதம் சங்கரபாண்டிக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்து எழுந்து சபைக்கு வந்துவிட்டார். பேச்சித்தாய் எட்டு மாதம் தரையில் உட்கார்ந்து படித்த பாடம் அவருக்கு மூன்றே வாரம், அதுவும் நாற்காலியில். பெரிய இடத்து ஆள் வந்த சந்தோஷத்தில் சபையின் மூப்பர் தானியேலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கய்யா. அவன் செஞ்சதெல்லாம் ஒரே முழுக்குல போயிருமா? நான் ஏழு வருஷம் சுமந்தேனே, அது எங்க போகும்?"

போதகர் தேய்த்து முடித்து மேலே ஏறினார்.

"சனிக்கிழமை வகுப்புக்கு வாங்க. பேரை அடிக்கிறதை அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

இதற்கா மெனக்கெட்டு வந்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை கடைசி வகுப்பு. போதகர் வினாவிடைப் புத்தகத்தைப் பேச்சித்தாயின் கையில் கொடுத்தார். சங்கரபாண்டியை அவளுக்கு எதிரே தரையில் உட்காரச் சொன்னார்.

"இன்னைக்கு அக்கா கேப்பாங்க. நீங்க சொல்லுங்க."

மூப்பர் முகம் சுளித்தார். பேச்சித்தாய் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மனந்திரும்புதல் என்றால் என்ன?"

"செய்த பாவத்துக்காக வருந்தி, அதை அறிக்கையிட்டு, விட்டு விலகுவது."

ஒரு சொல் பிசகவில்லை. பேச்சித்தாய் புத்தகத்தை மூடினாள்.

"எங்க வீட்டுக் குழாயை யாரு வெட்டச் சொன்னது?"

"ஏம்மா, அது புத்தகத்துலயா இருக்கு?" என்று மூப்பர் பாய்ந்தார்.

"இப்ப அவர் சொன்ன விடையிலேயே இருக்கு," என்றார் போதகர்.

சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா."

"சொல்லிட்டா ஆச்சா? கட்டை இன்னும் அங்கதான இருக்கு!"

மூப்பர் எழுந்துவிட்டார். "விடிஞ்சா முழுக்கு. அவரோட போர்ல மோட்டார் போட்டாத்தான்யா தொட்டி நிரம்பும். இது பேசுற நேரமா?"

"அந்தத் தண்ணி வேண்டாம்," என்றார் போதகர். "அக்கா வீட்டுக் குழாயில டியூப் மாட்டி நிரப்புவோம். அதுல என்னைக்குத் தண்ணி வருதோ, அன்னைக்கு முழுக்கு."

சங்கரபாண்டி எழுந்து வெளியே போனார். இனி அவர் இந்தப் பக்கம் தலை வைக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பிளம்பரோடு பேச்சித்தாயின் வாசலில் நின்றார். தெருவே வேடிக்கை பார்க்க, கட்டையைத் தன் கையாலேயே பிடுங்கினார். பிளம்பர் குழாயை இணைத்ததும் போய்விட்டார்.

தண்ணீர் வந்தது. பேச்சித்தாய் குடம், அண்டா, சோற்றுப்பானை எல்லாவற்றிலும் பிடித்தாள். பிடித்து முடித்துக் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். கோபம் மட்டும் குறையவில்லை.

சாயங்காலம் போதகர் தோளில் கிடந்த டியூப் சுருளை அவிழ்த்துவிட்டபடியே வந்தார். ஒரு முனை பக்கத்துத் தெருவில் சபையின் தொட்டிக்குள் கிடந்தது. மறுமுனையைக் குழாயில் மாட்டினார்.

"எனக்கும் மத்தவங்களுக்கும் எடுத்துக்கோங்கய்யா," என்றாள் அவள். "அவனுக்கு ஒரு சொட்டு தர மாட்டேன். ஏழு வருஷம் என்னைத் தவிக்க விட்டவன்."

"சரிக்கா."

போதகர் குழாயைத் திறக்கவில்லை. விலகி நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க? திறங்க."

"நான் திறக்கக் கூடாதுக்கா. யாருக்குத் தண்ணி, யாருக்கு இல்லன்னு சொல்ற திருகு ஏழு வருஷம் அவர் கையில இருந்துச்சு. இன்னைக்கு உங்க கையில இருக்கு."